ஏஜென்ட் ஆய்வுக்குக் களமே ஆய்வுக்கூடம்

மலேசியக் காடுகளில் புலிக்குக் கண்ணி வைப்பவர்களைத் தடுக்க, வனக் காவலர்கள் எந்த வழியில் ரோந்து போக வேண்டும் என்று 2014-ல் ஒரு மென்பொருள் திட்டம் போட்டுக் கொடுத்தது. அதன் பெயர் ‘பாவ்ஸ்’. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மிலிந்த் தாம்பேயின் குழு அதை உருவாக்கியது. காட்டை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, எந்தச் சதுரத்தில் விலங்குகள் அதிகம், வேட்டைக்காரர்கள் எங்கே வரக்கூடும், அவர்கள் ஊகிக்க முடியாதபடி ரோந்தை எப்படி மாற்றி மாற்றி அனுப்பலாம் என்று அது கணக்கிட்டது. கணக்கில் பிழை இல்லை. ஆனால், படத்தில் அடுத்தடுத்து இருந்த சதுரங்களுக்கு நடுவே நிலத்தில் செங்குத்துச் சரிவும் நீர்நிலையும் கிடந்தன. காவலர்கள் யாரும் அங்கே நேர்கோட்டில் நடப்பதில்லை. மலைமுகடு, ஓடைக்கரை, முன்பு மரம் வெட்டியவர்கள் போட்டுவிட்டுப் போன தடம் என்று கால் வைக்க முடிந்த வழியாகவே போகிறார்கள். விலங்குகளும் முகட்டு வழியையே விரும்புகின்றன. அதனால் கண்ணி வைப்பவனும் அங்கேதான் வருகிறான். ஆய்வாளர்கள் தாங்களே அந்தக் காட்டில் நடந்து பார்த்த பிறகு, மென்பொருளின் அடித்தளத்தையே மாற்றினார்கள். சதுரங்களை 50 மீட்டர் துண்டுகளாக நறுக்கி, முகடுகளையும் ஓடைகளையும் தெருக்களாகக் கொண்ட ஒரு வரைபடத்தைக் காட்டின் மேல் விரித்தார்கள்.

இதை ஒரு கருவியில் செய்த சின்னத் திருத்தம் என்று கடந்துபோக முடியாது. கணிதமே மாறிவிட்டது. முகாமிலிருந்து கிளம்பி முகாமுக்கே திரும்ப வேண்டும், ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் இவ்வளவுதான், விலங்குகளின் எண்ணிக்கை உறுதியாகத் தெரியாது, எதிராளி ஊகிக்கவும் கூடாது என்ற நிபந்தனைகளோடு பாதைகளைத் தேர்ந்தெடுப்பது புது வகைக் கணக்கு. ‘பசுமைப் பாதுகாப்பு ஆட்டங்கள்’ என்று இன்று அழைக்கப்படும் ஆய்வுத் துறை இப்படிப்பட்ட கணக்குகளிலிருந்துதான் வளர்ந்தது. மென்பொருள் ஏஜென்ட்கள் பற்றிய ஆய்வில் நடைமுறைப் பயன்பாட்டின் இடம் எது என்ற நெடுநாளைய கேள்விக்கு இந்தக் கட்டுரை சொல்ல வரும் பதில் இதுதான்: பயன்பாடு என்பது ஆய்வு முடிந்தபின் வரும் கடைசிப் படி இல்லை, ஆய்வுக்கான கேள்விகள் பிறக்கும் இடமே அதுதான். வேறு பல துறைகளுக்கு இது பாதி பொருந்தலாம். ஏஜென்ட் ஆய்வுக்கு முழுக்கவே பொருந்தும். ஒரு சூழலில் இருந்துகொண்டு, அதைக் கவனித்து, யாரோ ஒருவர் சார்பில் தானாகச் செயல்படும் மென்பொருளைத்தான் ஏஜென்ட் என்கிறோம். சூழலை எடுத்துவிட்டால் அந்த வரையறையே நிற்காது.

உடனே ஒரு மறுப்பு வரும். கோட்பாடுதானே முதலில் வந்தது? ரோந்துக் கணக்கின் வேர், ஜெர்மன் பொருளியலாளர் ஸ்டாக்கெல்பெர்க் 1934-ல் சந்தைப் போட்டி பற்றி எழுதியதில் இருக்கிறது. ஏஜென்ட் வடிவமைப்பில் மிகவும் பேசப்பட்ட ‘நம்பிக்கை, விருப்பம், நோக்கம்’ என்ற மாதிரி, மைக்கேல் பிராட்மன் 1987-ல் எழுதிய தத்துவ நூலை அடியொற்றியது. எந்தக் களமும் அவற்றைக் கேட்கவில்லை. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெல்பர்னில் இருந்த ஆஸ்திரேலியச் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் அந்தத் தத்துவத்துக்குத் தர்க்க வடிவம் கொடுத்தார்கள். பிறகு, சிட்னி விமான நிலையத்தில் தரையிறங்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் ‘ஓயசிஸ்’ என்ற அமைப்பை அதே நிறுவனம் உருவாக்கியது. வந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் ஏஜென்ட். காற்றைக் கணிக்க ஒன்று, வரிசையைத் தீர்மானிக்க ஒன்று என்று பொது ஏஜென்ட்கள் தனி. ஒரே நேரத்தில் எழுபது எண்பது ஏஜென்ட்கள் இயங்கக்கூடிய அந்த அமைப்பை, ரேடாரிலிருந்து நேரடியாக வரும் தகவலைக் கொடுத்து, மனிதக் கட்டுப்பாட்டாளர்களுக்கு இணையாக ஓடவிட்டுச் சோதித்தார்கள்.

காற்று திசை மாறியதும் போட்டுவைத்த வரிசை பழசாகிவிடும். அப்போது ஏஜென்ட் தன் திட்டத்தைக் கைவிட வேண்டுமா, பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? ஒவ்வொரு நொடியும் எல்லாவற்றையும் மறுபடி யோசித்தால் எதையும் செய்து முடிக்காது. யோசிக்கவே மறுத்தால் இல்லாத உலகத்துக்கான திட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருக்கும். டேவிட் கின்னியும் ஜார்ஜெஃபும் 1991-ல் ‘டைல்வேர்ல்ட்’ என்ற விளையாட்டு உலகத்தில் இதைச் சோதித்தார்கள். உலகம் மெதுவாக மாறும்போது, எடுத்த முடிவில் துணிந்து நிற்கும் ஏஜென்ட் நன்றாகச் செயல்பட்டது. வேகமாக மாறும்போது, அடிக்கடி நின்று யோசிக்கும் ஏஜென்ட் முந்தியது. பொம்மை உலகத்திலேயே விடை கிடைத்துவிட்டதே, விமான நிலையம் எதற்கு என்று கோட்பாட்டாளர் கேட்கலாம். கிடைத்த விடையைப் பாருங்கள்: உலகம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது என்பதுதான் விடை. அந்த வேகம் எவ்வளவு என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. சிட்னியின் வானம்தான் சொல்ல வேண்டும். கோட்பாட்டின் மையத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதைக் களம் மட்டுமே நிரப்ப முடியும் என்று கோட்பாட்டு ஆய்வே காட்டிக்கொடுத்த இடம் இது.

களம் காற்றும் மலையும் மட்டும் இல்லை. அங்கே வேறு மனிதர்களின் நலன்களும் இருக்கின்றன. 1995-ல் ஆண்டர்சன் கன்சல்டிங் நிறுவனம் ‘பார்கெய்ன்ஃபைண்டர்’ என்ற ஏஜென்ட்டை இணையத்தில் விட்டது. இசை சிடி ஒன்றின் பெயரைச் சொன்னால் பல இணையக் கடைகளில் விலையை விசாரித்து, எங்கே மலிவு என்று சொல்லும். தொழில்நுட்பம் வேலை செய்தது. சில கடைகள் அதற்குக் கதவைச் சாத்தின. விலை ஒன்றை மட்டும் வைத்துத் தங்களை வரிசைப்படுத்தும் இயந்திரத்துக்கு அவர்கள் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? அதுவரை பல ஏஜென்ட் ஆய்வுத்தாள்களில், தகவல் வைத்திருப்பவர் கேட்டால் கொடுப்பார் என்பது சொல்லப்படாத அனுமானமாகவே இருந்தது. ஒரு சிடி விலை விசாரிப்பு அந்த அனுமானத்தை உடைத்தது. முப்பது ஆண்டு கழித்து, 2025 நவம்பரில், பெர்ப்ளெக்சிட்டி நிறுவனத்தின் பிரவுசர் ஏஜென்ட் தன் தளத்தில் புகுந்து பொருள் வாங்குவதை எதிர்த்து அமேசான் வழக்குத் தொடுத்தபோது, எழுந்தது அதே கேள்விதான். யார் சார்பில் வருகிறாய் என்று ஏஜென்ட்டைக் கேட்கும் உரிமை யாருக்கு? தன்னை ஏஜென்ட் என்று அது அறிவித்துக்கொள்ள வேண்டுமா? 1995-ல் கிடைத்த பாடத்தை மையக் கேள்வியாக எடுத்துத் தொடர்ந்து ஆராய்ந்திருந்தால், இன்று நீதிமன்றத்தின் முன் வைக்க நம்மிடம் இன்னும் தெளிவான பதில்கள் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. களத்தில் நடப்பது ஒரே ஒரு முறை நடக்கிறது. ஒரு விமான நிலையத்தில், ஒரு காட்டில் கிடைத்த வெற்றியிலிருந்து பொதுவான அறிவு எப்படி வரும்? நிரூபணம் எங்கும் செல்லும், அனுபவம் அந்த இடத்தோடு நின்றுவிடும் என்பது வாதம். இதற்கு நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை உதாரணமாகக் காட்டுவார்கள். அது உண்மையிலேயே நல்ல உதாரணம். 1998 அக்டோபரில் ஏவப்பட்ட அந்தக் கலத்தின் கட்டுப்பாடு, 1999 மே 17 அன்று ‘ரிமோட் ஏஜென்ட்’ என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. இலக்குகளை மட்டும் பூமியிலிருந்து சொன்னார்கள். திட்டம் போடுவது, நிறைவேற்றுவது, கோளாறு வந்தால் காரணம் கண்டுபிடித்து வழி மாற்றுவது எல்லாம் ஏஜென்ட்டின் பொறுப்பு. மறுநாள், அணைக்க வேண்டிய எஞ்சினை அது அணைக்கவில்லை. ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இரண்டு நிரல் இழைகள், மிக அரிதான ஒரு நேரப் பொருத்தத்தில், ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு உறைந்துபோயிருந்தன. இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1997-ல், நாசா ஆய்வாளர்கள் அந்த மென்பொருளின் ஒரு பகுதியை ‘ஸ்பின்’ என்ற சரிபார்ப்புக் கருவியால் கணித முறையில் சோதித்து ஐந்து பிழைகளைக் கண்டிருந்தார்கள். விண்வெளியில் தலைகாட்டிய பிழையும் அந்த ஐந்தில் ஒன்றின் வகையைச் சேர்ந்ததுதான். சோதிக்கப்படாத வேறொரு பகுதியில் உட்கார்ந்திருந்தது.

கோட்பாட்டின் பக்கம் நிற்பவர், முழுவதையும் நிரூபித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே என்பார். நியாயம்தான். ஆனால் முழுவதையும் சரிபார்க்க அன்றைய கருவிகளுக்கு வலு இல்லை. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பது மனிதர்களின் ஊகமாக இருந்தது. ஏஜென்ட் போன்ற மென்பொருளில், மற்ற சோதனைகளுக்கெல்லாம் தப்பிவிடும் இந்த வகைப் பிழைதான் பெரிய ஆபத்து, சரிபார்ப்பின் உழைப்பை அங்கேதான் குவிக்க வேண்டும் என்ற அறிவைப் பறப்பு உறுதிசெய்தது. மே 21 அன்று ஆறு மணி நேரத்துக்கு மீண்டும் கட்டுப்பாடு கொடுக்கப்பட்டபோது, ரிமோட் ஏஜென்ட் மீதி இலக்குகள் அனைத்தையும் நிறைவேற்றியது. ஒரு முறை மட்டுமே நடந்த நிகழ்வுதான். அதிலிருந்து கிடைத்ததோ எந்த இணைச்செயல் நிரலுக்கும் பொருந்தும் அறிவு. அந்த அறிவு பரவியதற்குக் காரணம், தோல்வியை நாசா குழுவினர் விரிவாக எழுதி வெளியிட்டார்கள் என்பதே. களத்தின் அனுபவம் அந்த இடத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் களத்தின் இயல்பு என்பதைவிட, நாம் எழுதும் விதம் என்பதே சரி. வெற்றியை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகி நின்றுவிடும். எங்கே, ஏன் உடைந்தது என்று எழுதினால் அது பயணம் செய்யும்.

இந்தியாவிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ‘அர்மான்’ தொண்டு நிறுவனம் ‘எம்மித்ரா’ என்ற திட்டத்தை நடத்துகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் வாராவாரம் தொலைபேசியில் பதிவு செய்த குரல் செய்தி வரும்: என்ன சாப்பிட வேண்டும், எப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும், தடுப்பூசி எப்போது. நாளாக ஆக பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். பணியாளர் ஒருவர் நேரடியாகப் போன் செய்து பேசினால் சிலர் மீண்டும் கேட்கத் தொடங்குவார்கள். ஆனால் வாரத்துக்குச் சில நூறு பேரிடம்தான் பேச முடியும், பதிவு செய்தவர்களோ பல ஆயிரம். யாரிடம் பேசுவது? பீட்டர் விட்டில் என்ற கணிதவியலாளர் 1988-ல் வகுத்த ஒரு முறை இந்த வகைத் தேர்வுக்குப் பொருந்தும். அந்த முறையில் தேர்வு செய்யும் ஏஜென்ட்டை உருவாக்கும் முயற்சியை, சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் ஆரம்பக் கட்டத்தில் பங்கெடுக்க, கூகுள் ரிசர்ச் இந்தியாவில் தாம்பேயின் குழு முன்னெடுத்தது. 23,003 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்துக் களத்தில் சோதித்தார்கள். ஏஜென்ட் தேர்ந்தெடுத்தவர்களிடம் பணியாளர்கள் பேசிய பிரிவில், கேட்பதை நிறுத்துவது வழக்கமான முறையோடு ஒப்பிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. வரிசைப்படி ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே போன பிரிவில், புள்ளியியல் ஏற்கும் அளவுக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை.

அந்தக் கடைசி வரியில் நின்று யோசிக்க வேண்டும். யாரிடம் பேசினோம் என்பதைப் பொருட்படுத்தாத உழைப்பு ஏறக்குறைய வீணாகியிருக்கிறது. இதைக் கண்ட பிறகு ஆய்வாளர்களுக்கு ஒரு புதுச் சந்தேகம் வந்தது. எந்தப் பெண் கேட்பதை நிறுத்துவார் என்று துல்லியமாகக் கணிப்பதும், யாரிடம் பேசினால் பலன் கிடைக்கும் என்று தீர்மானிப்பதும் ஒன்றுதானா? எப்படியும் நிறுத்தப்போகிறவரையும் எப்படியும் தொடரப்போகிறவரையும் துல்லியமாகக் கணித்து என்ன பயன்? போன் வந்தால் மாறக்கூடிய நடுநிலைக்காரரைப் பற்றிய கணிப்புதான் முக்கியம். கணிப்பின் சராசரித் துல்லியத்தை விட்டுவிட்டு, முடிவின் தரத்தை நேரடியாக உயர்த்தும் கற்றல் முறையை இத்தகைய பெரிய கணக்குகளுக்குப் பொருந்தும்படி வளர்த்தெடுத்தது இதே களம். அது ஒரு கோட்பாட்டுப் பங்களிப்பு. வெள்ளைப் பலகையின் முன் உட்கார்ந்தும் ஒருவர் அங்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அவசரமும் அளவும் போன் பில்லோடு சேர்ந்து வந்ததால்தான் அந்த முறை இந்த வடிவம் பெற்றது. செய்தியைக் கேட்பது வேறு, உடல்நலம் வேறு என்று யாராவது சுட்டிக்காட்டினால் அதையும் ஏற்க வேண்டும். அந்தத் தூரத்தை அளப்பது அடுத்த ஆய்வுக்கான வேலை.

இன்றைய நிலைக்கு வருவோம். பெரிய மொழி மாதிரிகளின் மேல் கட்டிய ஏஜென்ட்கள் 2023 முதல் சந்தையில் குவிகின்றன. பயன்பாடுதான் வென்றுவிட்டதே, இன்னும் அதற்காக வாதாடுவானேன் என்று கேட்கலாம். சந்தையில் ஒரு பொருள் விற்பதும், பயன்பாடு ஆய்வின் பகுதியாக இருப்பதும் வேறு வேறு. 2023 அக்டோபரில் வெளியான ‘எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்’ என்ற சோதனை, 12 பைத்தான் திட்டங்களிலிருந்து 2,294 நிஜப் பிழைப்புகார்களை எடுத்து மொழி மாதிரிகளிடம் கொடுத்தது. அன்று சிறந்த மாதிரி தீர்த்தது 1.96 சதவீதம். அதில் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கப்பட்ட 500 புகார்களில், 2025-க்குள் ஏஜென்ட்கள் 70 சதவீதத்தைத் தாண்டின. எண்களை மட்டும் பார்த்தால் புரோகிராமர்களின் வேலை பல மடங்கு வேகமாகியிருக்க வேண்டும். 2025-ல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 திறந்தநிலை மென்பொருளாளர்களைத் தங்கள் சொந்தத் திட்டங்களில் 246 வேலைகளைச் செய்யச் சொன்னது. எந்த வேலைக்கு ஏஐ கருவி, எதற்குக் கூடாது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தது. கருவியோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. அவர்களோ, தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நம்பினார்கள்.

ஒரு சிறு குழு, தாங்களே நன்கறிந்த பெரிய நிரல்தொகுப்புகள், அந்த ஆண்டின் தொடக்கக் கருவிகள் என்ற வரம்புகள் அந்த ஆய்வுக்கு உண்டு. புதிதாகக் கற்பவருக்கோ அடுத்த தலைமுறைக் கருவிக்கோ முடிவு மாறலாம். ஆனாலும் அது காட்டிய இடைவெளி பெரியது. தேர்வுத்தாளில் மதிப்பெண் ஏறியதற்கும் மேசையில் வேலை முடிவதற்கும் நடுவே, ஏஜென்ட் எழுதியதைப் படித்து, சந்தேகப்பட்டு, திருத்தும் மனித நேரம் ஒளிந்திருக்கிறது. நேரத்தை அளக்காமல் வேலை செய்பவரையே கேட்டிருந்தால்கூட அது தெரியவந்திருக்காது. 2024-ல் வந்த ‘டௌ-பெஞ்ச்’ என்ற சோதனை இன்னொரு இடைவெளியைக் காட்டியது. கடை வாடிக்கையாளர் சேவை போன்ற பணிகளை அன்றைய முன்னணி மாதிரிகளிடம் கொடுத்தால் பாதியைக்கூட முடிக்கவில்லை. ஒரே பணியை எட்டு முறை கொடுத்து எட்டு முறையும் சரியாக முடிக்கிறதா என்று பார்த்தால், கடைப் பணிகளில் வெற்றி 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பணத்தைத் திருப்பித் தரும் வேலையில் இருக்கும் ஒருவர் ஒரு முறை சரியாகவும் மறுமுறை தவறாகவும் செய்தால் கடைக்காரர் அவரை வைத்துக்கொள்வாரா? நம்பகத்தன்மை என்பது களத்தின் முதல் தேவை. சராசரி மதிப்பெண்ணிலேயே கண் வைத்திருந்த ஆய்வுக்கு அது கண்ணில் படத் தாமதமானது.

ஏஜென்ட்களை விற்கும் நிறுவனங்களிடம் இப்படிப்பட்ட தரவு மலைபோல் இருக்கும். எந்தப் பணியில் ஏஜென்ட் தவறியது, வாடிக்கையாளர் எப்போது கைவிட்டார், மனிதர் எங்கே குறுக்கிட்டார் என்ற பதிவுகளைப் போட்டியாளருக்கு முன் விரித்துவைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. ஆகவே, நிறுவனங்கள் பயன்பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், பல்கலைக்கழகங்கள் கோட்பாட்டோடு இருக்கட்டும் என்ற வேலைப் பங்கீடு, கேட்க ஒழுங்காக இருந்தாலும், அறிவைப் பூட்டிவைக்கவே உதவும். தோல்வியை வெளியிடும் சுதந்திரம் பல்கலைக்கழகத்துக்குத்தான் அதிகம். அதைப் பயன்படுத்த, மதிப்பீட்டு முறை இடம்கொடுக்க வேண்டும். ஏஜென்ட் ஆய்வு மாநாடுகளில் நடைமுறைக் கட்டுரைகளுக்குத் தனி வரிசை ஒதுக்குவது பழக்கத்தில் இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனாலும் ‘புதிய அல்காரிதம் எங்கே’ என்று கேட்கும் முதன்மை வரிசைக்கு வெளியே அவற்றை வைப்பதால், இளம் ஆய்வாளர் தன் மூன்று ஆண்டைக் களத்தில் செலவழிக்கத் தயங்குகிறார். ஒரு விமான நிலையமோ தொண்டு நிறுவனமோ ஒரு கட்டுரையின் கால அட்டவணைக்குள் அடங்காது. நம்பிக்கை வரவே ஓராண்டு ஆகும்.

மாற்றத்தை முனைவர் பட்ட விதிகளிலிருந்தே தொடங்கலாம். ஏஜென்ட் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாவது, அதைக் கட்டியவர்கள் அல்லாத வேறு மனிதர்கள் தங்கள் அன்றாட வேலையில் அந்த அமைப்பைப் பயன்படுத்தியதைப் பற்றி இருக்க வேண்டும். அது எங்கே கைவிடப்பட்டது, ஏன் என்று அதில் எழுதப்பட வேண்டும். கோட்பாடு மட்டுமே எழுத விரும்புகிறவர், தன் அனுமானங்களில் எது களத்தில் சோதிக்கப்படவில்லை என்பதைப் பட்டியலிட்டால் போதும். கூடவே, களத்தில் இருப்பவர்களையும் ஆசிரியர்களாகச் சேர்க்க வேண்டும். எம்மித்ரா பற்றிய 23,003 பெண்களின் ஆய்வுக் கட்டுரையில் அர்மான் நிறுவனர் அபர்ணா ஹெக்டேயின் பெயர், கணினியியலாளர்களின் பெயர்களோடு ஆசிரியர் வரிசையிலேயே இருக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எப்போது போன் செய்தால் எடுப்பார் என்று தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில்தான் இருந்தார்கள்.